நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டது யார்

அன்பு மகளே,

நேற்று மதியம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நான் எப்போ அம்மாட்ட இதெல்லாம் சொன்னேன்?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன். சிக்னலுக்கு ஒன்றும் கேடில்லை. உன் கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கரையோடு ஒட்டி நின்றது. நீ பேசியது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டதுபோலத்தான் கேட்டது. ஆனால் உன் அம்மா என் தோளருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதுபடச் சொல்கிற பதில் அல்ல அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். உனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம், பிறகு எல்லாம் இங்கிலீஷ். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒருவகையில் அதுவும் நல்லதுதான். மெதுவாகப் படி. அவசரமாகப் படிக்கவேண்டிய விஷயம் இதில் எதுவும் இல்லை.

நீ கப்பல் அழைப்புக்காகக் காத்திருந்த அந்த மாதங்களை நினைத்துக்கொள். படிப்பு முடிந்து, பரீட்சையெல்லாம் தேறி, சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி வைத்துவிட்டு, இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று நீ வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாய். அப்போதுதான் உன் சின்ன அறையில் அந்த இரும்பு அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தினாய். தட்டுக்குத் தட்டு அடியில் வெள்ளை டியூப் லைட் கட்டினாய். தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டுகளில் நிரப்பி, மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்தி வைத்தாய். "வீட்டுக்குள்ள எந்தா கிருஷி?" என்று கீழ்வீட்டு ஓமனா சேச்சி உன் வீட்டுக்குள் விவசாயத்தை வந்து பார்த்துச் சிரித்தாள். வெளியே கரமனை ஆற்றின்மேல் விடாமல் மழை. திறந்தவெளியில் வைத்திருந்தால் அந்த விதைகள் ஒரே மழையில் கரைந்து போயிருக்கும். நீ செய்தது சரி என்று எனக்கு அன்றே தெரிந்தது. ஆனால் அது எதற்காக என்று பிறகுதான் புரிந்தது. வராத அழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வரப்போகிற முளையைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு லேசாக இருந்திருக்கிறது.

முளை வந்தது. கூடவே அழைப்பும் வந்தது. மூன்றாம் ஆபீசராகக் கொழும்பில் போய்க் கப்பல் ஏறவேண்டும் என்றார்கள்.

உன் அம்மா உன்னோடு பேசாமலானது அன்றிலிருந்துதான். காரணம் உனக்கும் எனக்கும் தெரியாததல்ல. அவள் கடற்கரை ஊரான குளச்சலில் பிறந்து வளர்ந்தவள். கூடப் படித்தவளின் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்பதும், அந்தத் தோழி வகுப்பில் தன் பக்கத்து இடத்தில் வந்து உட்காராத நாட்களும் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. "அது சின்ன வள்ளம்மா, இது மலைபோலக் கப்பலாக்கும்" என்று நீ எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாய். கடலுக்கு வள்ளமும் ஒன்றுதான் கப்பலும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. நீ புறப்பட்ட காலையில் பெட்டியோடு அடுக்களை வாசலில் நின்று "போயிட்டு வரேன்மா" என்றாய். அவள் திரும்பவில்லை. மிக்ஸியைப் போட்டாள். அரைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, மகளே. நீ ஆட்டோவில் ஏறிய பிறகு நான்தான் உள்ளே போய் அதை நிறுத்தினேன். வெறும் ஜாடிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

விமான நிலையத்துக்குப் போகும் ஆட்டோவில் நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ நாற்றுகளைப் பற்றிப் பேசினாய். "அப்பா, தண்ணி மட்டும் கவனிச்சா மதி, வேறொண்ணும் வேண்டாம். மேலேருந்து ஊத்தண்டாம். அடித்தட்டுல விடுங்க, மண்ணு அதுக்கு வேணும்ங்கறதைக் குடிச்சுக்கிடும். மிச்சத்தைக் கொட்டிடுங்க. தட்டைத் தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா விடவே வேண்டாம், கேட்டீங்களா?" நான் கேட்டேன் என்று தலையாட்டினேன். ஈஞ்சக்கல் தாண்டியபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ இல்லாத அந்த அறையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் பகலிலும் வீடே இருட்டாக இருக்கும். உன் அறைக் கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். கதவைத் திறந்தால் உள்ளே பகல். நனைந்த நார்த்தூளின் மணம், காட்டுக்குள் மழை விட்ட நேரத்தில் வருமே, அதுபோல. நீ சொன்னபடி சின்ன விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தேன். அந்தக் காற்றில் நாற்றுகள் எல்லாம் ஒரே சமயத்தில் லேசாகத் தலையாட்டும். காலையில் தண்ணீர் பார்த்த கையோடு உன் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூக்கமும் விழிப்பும் கலக்கிற இடத்தில், ஆடுவது செடிகளா அறையா என்று தெரியாமல் போகும். இந்த அறையே மெல்ல நகர்ந்து எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். இப்போது அவள் எந்தக் கடலில் இருப்பாள், அங்கே மணி என்ன என்று நினைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவேன். கடை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது அங்கேதான்.

அப்படி இருக்கும்போதுதான் நாற்றுகள் விழ ஆரம்பித்தன. முதல்நாள் வரை நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்று காலையில் பார்த்தால் சாய்ந்து படுத்திருக்கும். இலை பச்சையாகத்தான் இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூல்போல் மெலிந்து கறுத்திருக்கும். ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் இருப்பது, பிறகு ஒரு வரிசை. உனக்குப் படம் அனுப்பினேன். துறைமுகம் எதிலோ கப்பல் நின்றபோது உன் குரல் செய்தி வந்தது. "அப்பா, இது தண்டழுகல். தண்ணி கூடிப் போச்சு. நீங்க தினமும் ரெண்டு நேரம் விடுறீங்களா?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. காலையில் தட்டைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் விடாமல்தான் வந்துகொண்டிருந்தேன். ஆனால் விநோதம், கொஞ்ச நாளாகத் தட்டு எப்போது தூக்கினாலும் கனமாகத்தான் இருந்தது. மழைக்காலத்து ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் வழக்கம்போல் கூடத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் மின்விசிறி நின்றதில் விழிப்பு வந்தது. வீடு அமைதியாக இருந்தது. உன் அறைக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. நீதான் வந்துவிட்டாயோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். உன் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் பூஜை அறைத் தம்ளர். விரல்களைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு குழியிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த மழை வெளிச்சத்தில் அவள் முகம் எனக்குப் பாதிதான் தெரிந்தது.

"குடிங்க பிள்ளைகளா, குடிங்க. அவ போயாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லே, எல்லாம் அப்பாவும் மோளுமா முடிவு பண்ணியாச்சு. உங்களுக்காவது நான் வேணுமே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விழுந்து கிடந்த ஒரு நாற்றை விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நீ ஏண்டி இப்படி விழுறே, நான்தான் தினமும் தாறேனே" என்றாள்.

நான் வந்த வழியே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். காலையில் நான் விடாமல் வைத்ததை, மதியம் நான் தூங்கும்போது அவள் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் அந்தச் சின்ன உயிர்கள் அழுகிப் போய்க்கொண்டிருந்தன. போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அன்றோடு அந்த அறைக்குள் போகமாட்டாள். உன் அம்மாவை எனக்குத் தெரியும். பிடிபட்ட பிரியம் அவளுக்கு அவமானம்.

மறுநாள் காலை நான் அந்த அறைக்குப் போகவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை என்றேன். "அப்போ அதுங்களுக்கு யாரு தண்ணி விடுறது?" என்றாள், கேட்காததுபோலக் கேட்டு. "போனால் போகுது, அவளே போயாச்சு, செடி இருந்தா என்ன போனா என்ன" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். "நல்லா இருக்கு நியாயம். உயிரில்லையா அது?" என்றாள்.

அடுத்தது உன் குரல் செய்தி. அதை ஸ்பீக்கரில் போட்டு, போனைக் காதருகே வைத்து, முகத்தைச் சுளித்தேன். "எனக்கு ஒண்ணும் தெளிவா கேக்கலை. கடல் சத்தமா என்னவோ. நீ கேட்டு என்னன்னு சொல்லேன்" என்று நீட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நீ போன பிறகு உன் குரலை அவள் முழுதாகக் கேட்டது அப்போதுதான். விழுந்த நாற்றுகளைப் பக்கத்து மண்ணோடு எடுத்து வெளியே போடச் சொன்னாய். மேல்மண் காயும்வரை தண்ணீரே வேண்டாம் என்றாய். மசாலாவுக்குப் போடும் பட்டைத்தூளை லேசாகத் தூவிவிட்டு விசிறியை நிறுத்தாமல் ஓடவிடச் சொன்னாய். கடைசியில் "பேடிக்கண்டாம் அப்பா, பயப்பட ஒண்ணுமில்ல, மிச்சம் உள்ளது பிழைச்சுக்கிடும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில் அவள் போனைத் திருப்பித் தரவில்லை. "மறுபடி போடுங்க, பட்டைத்தூள் எவ்வளவுன்னு சரியா விளங்கல்லே" என்றாள். மறுபடி போட்டேன். பட்டைத்தூள் எவ்வளவு என்று நீ சொல்லவே இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் உன் கேள்விக்குப் பதில். இத்தனை மாதங்களாக நீ எனக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருந்த குரல் செய்திகளையெல்லாம் கேட்டது உன் அம்மா. நான் உன்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் கேட்டதும் அவள்தான். அப்பாவுக்குத் திடீரென்று இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று நீயே ஒருதரம் கேட்டாய். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு விடலாமா என்று கேட்டது அவள். அடி இலை வெளுக்கிறதே, பசியா நோயா என்று கேட்டது அவள். முதலில் வருகிற இரண்டு இலை விதை கட்டிக்கொடுத்த சோறு, அது தீர்ந்து சொந்த இலை விரிகிறவரை உரம் எதுவும் வேண்டாம் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டுவிட்டு அவள் போனைக் கீழே வைத்தாள். "கட்டிக்கொடுத்த சோறு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நீ புறப்பட்ட அன்று வழிக்கு ஒன்றும் கட்டித் தரவில்லையே என்று அவள் நினைத்ததாக எனக்குத் தோன்றியது.

சொந்த இலை விரிந்தது. மண்புழு உரத்தை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரைக் பால் விடாத கட்டன்சாயா நிறம் வரும்வரை நீர்க்கவிட்டு அடித்தட்டில் ஊற்றினாள். தினமும் காலையில் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை ஒருமுறை மெல்லத் தடவிவிடுவாள். அப்படிச் செய்தால் தண்டு உறுதிப்படும் என்று நீ சொல்லியிருந்தாய். தண்டுக்காக மட்டும் அவள் அதைச் செய்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் ஜுர நாட்களில் உன் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அதே கைதான், அதே வேகம்தான். நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மழை விட்டது. நாற்றுகளை முதலில் ஜன்னலருகே, பிறகு நிழலில், பிறகு மாடி வெயிலில் என்று பழக்கினாள். பாதியை ஓமனா சேச்சிக்குக் கொடுத்தாள். அவள் வீட்டு முற்றத்திலும் இப்போது உன் தக்காளி காய்க்கிறது. நம் மாடியில் மிளகாய் காய்த்துக் குலுங்கியது. அம்மா அதைக் கீறி, மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மோர்மிளகாய் போட்டுப் பொட்டலம் கட்டி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது உனக்கு ஏதாவது புத்திமதி சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அப்பா என்றால் சொல்லத்தானே வேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தண்ணீர் விடுவது யாருக்கும் கைவரும். தாகமில்லாதபோது விடாமல் நிற்கிறோமே, அதுதான் கஷ்டம். எனக்கும் உன் அம்மாவுக்கும் அது இந்த வயதில்தான் பிடிபட்டது. உன்னைக் கடலுக்கு அனுப்பிவிட்டு நாளுக்கு நாலு தடவை போன் பண்ணாமல் இருக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நாளைக்கு உனக்குக் கீழே வேலை பழக வருகிற பிள்ளைகளிடமும், நீ விரும்பி மணந்துகொள்ளப் போகிறவரிடமும் இது உனக்கு உதவும். இன்னொன்று. உனக்கு ஒருவரைப் பிடித்தால் அதை முதலில் உன் அம்மாவிடம் சொல்லு. என்னிடம் அல்ல. கப்பல் படிப்பைப் பற்றி நீ முதலில் என்னிடம் சொன்னாய், நான் கையெழுத்துப் போட்டேன், அவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அவளுக்குக் கடல்மேல் பயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அடுக்களையில் அவள் திரும்பாமல் நின்றது பயத்தால் மட்டுமல்ல.

இனி நேற்று நடந்தது. கப்பல் விழிஞ்ஞத்துக்கு வருகிறது, ஆனால் சரக்கு இறக்குகிற நேரம் முழுக்க உனக்கு டூட்டி, கரைக்கு வரமுடியாது, எங்களுக்கு உள்ளே வர பாஸும் கிடைக்காது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். சொந்த ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வரமுடியாத ஒரு வேலை. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றாள். ஆட்டோ வந்து நின்றபோது பார்க்கிறேன், நல்ல புடவை உடுத்தி, மோர்மிளகாய்ப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறாள். இடுப்பில் ஒரு மிளகாய் நாற்றுச் சட்டி வேறு.

துறைமுக வாசலில் காவலுக்கு நின்ற பையனிடம் அவள் வாதாடியதை நீ கேட்டிருக்க வேண்டும். "மோனே, அகத்து கிடக்குற கப்பல் என் மோளோட கப்பலாக்கும்" என்றாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மே, பாஸ் இல்லாதெ பற்றில்ல. எனக்கு மனசிலாகும்" என்று சொல்லி உள்ளே விட மறுத்துவிட்டான். கப்பல் ஏஜென்டின் ஆள் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். செடியை வாங்கவில்லை. மண்ணுள்ள எதையும் கப்பலில் ஏற்றக்கூடாது, அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றான். அம்மா சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உன் போன் வந்தது. நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மாதக்கணக்கில் பேசாதவள் என்ன பேசுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செடியெல்லாம் நல்லா இருக்கு" என்றாள். "சொந்த இலை வந்த பிறகுதான் உரம் வெச்சேன். நீ சொன்னதுபோலத்தான் எல்லாம் பண்ணேன்." இரண்டு பேரும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். பதில் இப்போது உன்னிடம் இருக்கிறது. நான் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். "கப்பல் எப்போ போகும்?" என்றாள். சாயங்காலம் என்றேன். "அப்போ எதுக்கு அவசரம்?" என்றாள். மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில் ஏறி ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கீழே வள்ளங்களில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். வெயில் மஞ்சளாகி, சிவந்து, கடல் முழுக்கச் செம்பு நிறமானது. இழுவைப் படகுகள் இரண்டு வந்து உன் கப்பலைக் கரையிலிருந்து மெல்லப் பிரித்தன. அவ்வளவு பெரிய பொருள் சத்தமே இல்லாமல் நகர்வதைப் பார்க்கும்போது, கப்பல் நிற்கிறது, நாங்கள்தான் விலகிப் போகிறோம் என்று இருந்தது. கிளம்பும்போது கப்பலை ஓட்டுகிற மேல்தளமான பிரிட்ஜில்தான் நிற்பேன், ஆனால் கையசைக்க முடியாது, வேலையாக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். உச்சியில் வரிசையாகத் தெரிந்த கண்ணாடிகளைக் காட்டி, அங்கேதான் இருப்பாள் என்றேன். அவள் எழுந்து நின்று கையசைத்தாள். நீ பார்த்திருக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கை வலிக்கிறவரை அசைத்தாள்.

இருட்டத் தொடங்கியதும் கப்பலில் விளக்குகள் எரிந்தன. அவள் திடீரென்று கேட்டாள், "மூணாம் ஆபீசர்னா என்ன வேலை?"

நீ படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். காலையில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, பிரிட்ஜில் நின்று வழி பார்க்க வேண்டும். எதிரே வேறு கப்பல் வருகிறதா, சின்ன வள்ளங்கள் குறுக்கே நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் போய்ப் படுப்பார்கள் என்றேன்.

"சின்ன வள்ளங்களையும் பாக்கணுமா?" என்றாள்.

"அதைத்தான் முக்கியமா பாக்கணும். ராத்திரி மீன் பிடிக்கிறவங்க நிப்பாங்களே."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வள்ளங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. உன் கப்பல் அவற்றுக்கு நடுவே, அவற்றைத் தொடாமல், வழி விட்டு வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்போ எல்லாரும் உறங்கும்போ நம்ம குட்டியாக்கும் முழிச்சிருக்கு" என்றாள் உன் அம்மா.

உன் அப்பா